ஏழை நாட்டில் எதனால் இறக்கிறார்கள், பணக்கார நாட்டில் எதனால் இறக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: ஏழை நாடுகளில் மக்கள் மலேரியாவாலும் வயிற்றுப்போக்காலும் இறக்கிறார்கள், பணக்கார நாடுகளில் மாரடைப்பாலும் புற்றுநோயாலும் இறக்கிறார்கள் என்று பாடப்புத்தகத்தில் படித்தோம், அப்படியானால் ஒரு நாடு வளர்வது என்பது ஒருவகை நோயைக் கொடுத்து இன்னொரு வகை நோயை வாங்கிக்கொள்வது மட்டும்தானா? சமூக மருத்துவம் கற்பிப்பவன் என்ற முறையில், ஆண்டுதோறும் மாணவர்களிடமிருந்து இதே கேள்வியைக் கேட்டு வருகிறேன். பாதி சரியான இந்தக் கருத்தின் மறுபாதி பெரும் தீங்கு செய்யக்கூடியது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பட்டியலைப் பார்ப்போம். கொரோனா குறுக்கிட்டுக் கணக்கைக் கலைப்பதற்கு முந்தைய ஆண்டான 2019-இல் உலகம் முழுவதும் சுமார் 5 கோடியே 54 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் ஏறத்தாழ 89 லட்சம் இறப்புகளுக்கு, அதாவது ஆறில் ஒன்றுக்கு, இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் அடைபடும் நோயே காரணம். குறைந்த வருமான நாடுகளை மட்டும் தனியே எடுத்தால், பிறந்த சில நாட்களுக்குள் குழந்தையைக் கொல்லும் பேறுகாலச் சிக்கல்கள் முதலிடத்தில் இருக்கின்றன. நிமோனியா போன்ற நுரையீரல் தொற்றுகள், இதய நோய், பக்கவாதம், வயிற்றுப்போக்கு, மலேரியா, சாலை விபத்து, காசநோய், எய்ட்ஸ், கல்லீரல் சுருக்கம் ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன. உயர் வருமான நாடுகளின் பட்டியலிலோ இதய நோய்க்கு அடுத்த இடத்திலேயே அல்சைமர் முதலான மறதிநோய்கள் நிற்கின்றன. பிறகு பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், நுரையீரல் தொற்று, பெருங்குடல் புற்றுநோய், சிறுநீரக நோய், உயர் இரத்த அழுத்தத்தால் வரும் இதயக் கோளாறு, சர்க்கரை நோய் என்று அந்தப் பட்டியல் முடிகிறது.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவர் உடனே சொல்வது, "அங்கே கிருமி, இங்கே கொழுப்பு" என்பதுதான். நான் அவரிடம் வேறொன்றைப் பார்க்கச் சொல்வேன். முதல் பட்டியலில் உள்ளவற்றில் பெரும்பாலானவை எந்த வயதிலும் தாக்கக்கூடியவை, சிறப்பாகக் குழந்தைகளைத் தாக்குபவை. இரண்டாவதில் உள்ளவை பெரும்பாலும் அறுபது எழுபது வயதைக் கடந்தவர்களைத் தேடி வருபவை. மறதிநோய் ஒருவருக்கு வர வேண்டுமென்றால் பெரும்பாலும் அவர் முதலில் முதுமை வரை உயிரோடு இருந்தாக வேண்டும். நைஜர் நாட்டு மக்களில் சரிபாதிப் பேர் பதினைந்து வயதை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கிறார்கள்; ஜப்பானில் சரிபாதிப் பேர் ஏறத்தாழ நாற்பத்தொன்பது வயதைக் கடந்தவர்கள். 2012-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, குறைந்த வருமான நாடுகளில் நிகழ்ந்த பத்து இறப்புகளில் ஏறத்தாழ நான்கு, பதினைந்து வயது நிரம்பாத பிள்ளைகளுடையவை. உயர் வருமான நாடுகளில் பத்தில் ஏழு, எழுபது வயதைத் தாண்டியவர்களுடையவை. ஆக, எந்த நோய் என்று சொல்வதற்கு முன்பே அந்தப் பட்டியல்கள் எந்த வயதில் என்பதைச் சொல்லிவிடுகின்றன.

மனிதர் எவரும் ஏதேனும் ஒரு காரணத்தால் ஒருநாள் இறக்கத்தான் போகிறார். இரண்டு வயதில் வயிற்றுப்போக்கால் சாகாத குழந்தை எழுபத்தைந்து வயதில் மாரடைப்பால் சாகலாம். அப்போது பட்டியலில் வயிற்றுப்போக்கின் பங்கு ஓர் எண் குறைந்து, மாரடைப்பின் பங்கு ஓர் எண் கூடும். இதைக் "கொடுத்து வாங்கல்" என்று எண்ணுவோர், இடையே கிடைத்த எழுபத்து மூன்று ஆண்டுகளைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

இந்தப் பயணத்தை ஒரே நாட்டில் தொடக்கம் முதல் இறுதிவரை பார்க்க வேண்டுமானால் ஜப்பானைத்தான் பார்க்க வேண்டும். அங்கே 1950 வரை இறப்புக் காரணங்களில் முதலிடம் காசநோய்க்கு இருந்தது; நூற்பாலைகளின் நெரிசலான விடுதிகளில் தங்கி வேலை செய்த இளம்பெண்கள் இருமிக்கொண்டே ஊர் திரும்பி, வீட்டாருக்கும் நோயைத் தந்துவிட்டு இறந்த காலம் அது. 1947-இல் அந்நாட்டு ஆண்களின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு ஐம்பது, பெண்களுக்கு ஐம்பத்து நான்கு. போருக்குப் பின் உணவும் குடியிருப்பும் மேம்பட்டு, ஸ்ட்ரெப்டோமைசின் முதலான மருந்துகளும் வந்து காசநோய் பின்வாங்கியதும், 1951-இல் பக்கவாதம் முதலிடத்துக்கு ஏறி 1980 வரை அங்கேயே நின்றது. அதற்குக் காரணம் செல்வமன்று, உப்பு. வடபகுதியான அக்கிதாவில் நீண்ட பனிக்காலத்துக்காக உப்பிலிட்ட காய்கறி, உப்பிட்ட மீன், சோயா விழுதுச் சாறு என்று ஒருவர் நாளொன்றுக்கு 25 கிராமுக்கும் மேல் உப்பு உட்கொண்டதாக அக்கால ஆய்வுகள் கண்டன. இன்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 5 கிராமுக்குள். இதைச் சரிசெய்ய அவர்கள் பெரிய மருத்துவமனைகளை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஊர் ஊராக இரத்த அழுத்தம் பார்க்கப்பட்டது, நகானோ மாகாணத்தில் உள்ளூர்ப் பெண்களே சுகாதாரத் தொண்டர்களாகி வீடு வீடாகச் சென்று சாற்றில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அளந்து சொன்னார்கள், 1961-இல் நாட்டு மக்கள் அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு வந்தது. பக்கவாதம் சரிந்தது. 1981 முதல் புற்றுநோய் முதலிடத்தில் இருக்கிறது. 2018 முதல் மூன்றாம் இடத்துக்கு வந்திருப்பது எது தெரியுமா? "முதுமைத் தளர்ச்சி." வேறு நோயொன்றும் காட்ட இயலாத அளவுக்கு, தீபம் எண்ணெய் வற்றி அணைவதுபோல் அணைந்த உயிர்களுக்கு மருத்துவர் இறப்புச் சான்றில் எழுதும் சொல் அது. ஒரு நாட்டின் மூன்றாவது பெரிய இறப்புக் காரணமே முதுமை என்று இருப்பதைவிட நல்ல நிலை எதையும் என்னால் எண்ணிப்பார்க்க முடியவில்லை.

இனி அந்த மறுபாதிக்கு வருகிறேன். மாரடைப்பு "பணக்கார வியாதி" என்று நம் ஊரிலும் சொல்வதுண்டு. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் இதயநோய் ஆய்வாளர் சலீம் யூசுப்பின் தலைமையில் 17 நாடுகளைச் சேர்ந்த 1,56,000-க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2014-இல் வெளிவந்தது. கொழுப்பு, புகை, இரத்த அழுத்தம், உடலுழைப்பின்மை முதலான ஆபத்துக் காரணிகளைக் கூட்டிப் பார்த்தபோது, அவை பணக்கார நாடுகளில்தான் மிகுதியாக இருந்தன; இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், ஜிம்பாப்வே ஆகியவை அடங்கிய குறைந்த வருமானப் பிரிவில்தான் மிகக் குறைவாக இருந்தன. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற கடும் நிகழ்வுகள் ஆயிரம் பேருக்கு ஆண்டொன்றுக்குப் பணக்கார நாடுகளில் நான்கு வீதமும், ஏழை நாடுகளில் ஆறுக்கும் மேலான வீதமும் நேர்ந்தன. அப்படி நேர்ந்தவர்களில் இறந்தவர்கள் அங்கே நூற்றுக்கு ஆறு ஏழு பேர். இங்கே பதினேழு பேர். ஆபத்து குறைவாக இருந்தவர்களே அதிகம் இறந்தார்கள் என்பதை நான் முதன்முதலில் படித்தபோது அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டுச் சற்றுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏன் இப்படி? மாரடைப்பில் இதயத் தசை மணிக்கணக்கில் சிறிது சிறிதாகச் செத்துக்கொண்டிருக்கும். அடைப்பைக் கரைக்கும் ஊசியோ, குழாயை விரிக்கும் சிகிச்சையோ எவ்வளவு விரைவில் கிடைக்கிறதோ அவ்வளவு தசை மிஞ்சும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும் ஒருவருக்கு, வாயுத்தொல்லை என்று ஓமத்தண்ணீர் குடித்துக் காத்திருந்த இரண்டு மணி நேரமும், வண்டி தேடிய ஒரு மணி நேரமும், ஈ.சி.ஜி. எடுக்க வசதியில்லாத முதல் மருத்துவமனையில் போன அரை மணி நேரமும் சேர்ந்தே தீர்ப்பெழுதுகின்றன. பிழைத்து வீடு திரும்பியவரின் கதை இன்னும் வருத்தமானது. ஒருமுறை மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர் ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், இரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவற்றைத் தொடர்ந்து உட்கொண்டால் அடுத்த தாக்குதலைப் பெருமளவு தடுக்கலாம். இவை அனைத்தும் காப்புரிமைக் காலம் முடிந்த, மலிவான மருந்துகள். அதே ஆய்வுக் குழு 2011-இல் கண்டது என்னவென்றால், இப்படிப்பட்ட நோயாளிகளில் இந்த மருந்துகளில் ஒன்றைக்கூட உட்கொள்ளாதவர்கள் உயர் வருமான நாடுகளில் நூற்றுக்குப் பதினொருவர், குறைந்த வருமான நாடுகளில் நூற்றுக்கு எண்பது பேர். உயர் வருமான நாடுகளில் மக்கள் தொகை மூத்துக்கொண்டே போயும் 2000-க்கும் 2019-க்கும் இடையே இதய நோய் இறப்புகள் 16 சதவீதமும் பக்கவாத இறப்புகள் 21 சதவீதமும் குறைந்தன. அங்குள்ள முதல் பத்துக் காரணங்களில் எண்ணிக்கை குறைந்தவை இவை இரண்டு மட்டுமே. மாரடைப்பு பணக்காரர்களின் நோய் என்றால் அது பணக்காரர்களை விட்டுப் போகக் கூடாதல்லவா? அது அவர்களை விட்டு விலகிக்கொண்டிருக்கிறது, நம்மிடம் தங்குகிறது.

சாலை விபத்திலும் இதே முறையைக் காணலாம். உலகின் வாகனங்களில் ஏறத்தாழ அறுபது சதவீதமே குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் ஓடுகின்றன. சாலை இறப்புகளில் 92 சதவீதம் அங்கே நிகழ்கின்றன. புற்றுநோயிலும் அப்படியே: தடுப்பூசியாலும் எளிய பரிசோதனையாலும் ஏறக்குறைய முழுமையாகத் தடுக்கக்கூடிய கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் 2022-இல் இறந்த சுமார் மூன்றரை லட்சம் பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் இந்நாடுகளைச் சேர்ந்தவர்கள். புற்றுநோய் வந்த குழந்தைகளில் பணக்கார நாடுகளில் எண்பது சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குணமடைகிறார்கள். வறிய நாடுகள் பலவற்றில் முப்பது சதவீதத்துக்கும் குறைவு.

ஏழை நாட்டுப் பட்டியலின் உச்சியில் நிற்கும் பச்சிளங்குழந்தைகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2022-இல் உலகம் முழுவதும் சுமார் 23 லட்சம் குழந்தைகள் பிறந்த ஒரு மாதத்துக்குள் இறந்தன. குறைப்பிரசவம், பிறக்கும்போது மூச்சு விடாமை, தொற்று ஆகிய மூன்றுமே பெரும்பாலான இறப்புகளுக்குக் காரணம். பிறந்ததும் அழாத குழந்தையை ஒரு முறையேனும் அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்த ஒரு நிமிடத்தின் நீளம் தெரியும். செவிலியர் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்கிறார், முதுகை நீவிவிடுகிறார், வாயையும் மூக்கையும் சுத்தம் செய்கிறார். அப்போதும் மூச்சு வராவிட்டால் முகத்தில் சிறு முகமூடியைப் பொருத்தி, கையடக்கமான ரப்பர் பையை அழுத்தி நுரையீரலுக்குள் காற்றை ஊதுகிறார். நீலம் பூத்திருந்த உடல் மார்பிலிருந்து சிவந்து வரும். மின்சாரம் தேவையில்லை, விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பையும் முகமூடியும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அதைப் பிடிக்கப் பழகிய கை அந்த அறையில் இருக்க வேண்டும். அந்தக் கை இல்லாத பிரசவ அறைகள் பல உள்ள நாடுகளில்தான் பேறுகாலச் சிக்கல் முதலிடத்தில் இருக்கிறது.

வயிற்றுப்போக்கின் கதை நமக்கு நெருக்கமானது. 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே மேற்கு வங்கத்தின் பன்காவ் ஊரில் காலரா பரவியது. இரத்தக் குழாய் வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது. முகாமில் சுமார் முப்பது சதவீத நோயாளிகள் இறந்துகொண்டிருந்தார்கள். மருத்துவர் திலீப் மஹலனாபிஸ், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற அளவில் கலக்கச் செய்து, நோயாளியின் அருகிலிருந்த தாயிடமும் தமக்கையிடமும் கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். காலரா குடலை எவ்வளவு பாழாக்கினாலும், குளுக்கோஸோடு சேர்ந்து உப்பை உள்ளிழுக்கும் வாசல் மட்டும் திறந்தே இருக்கும். உப்பு போகுமிடமெல்லாம் நீரும் பின்தொடரும். அந்தக் கரைசல் கொடுக்கப்பட்டவர்களிடையே இறப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. உலகளவில் வயிற்றுப்போக்கு இறப்புகள் 2000-இல் 26 லட்சமாக இருந்து 2019-இல் 15 லட்சமாகக் குறைந்திருக்கின்றன. குடிநீரும் கழிப்பறையும் தடுப்பூசியும் அதில் பங்கு பெற்றாலும், ஓ.ஆர்.எஸ். எனப்படும் அந்த உப்பு-சர்க்கரைக் கரைசலுக்கான பொட்டலத்தின் பங்கை யாரும் மறுக்க மாட்டார்கள். எய்ட்ஸ் மருந்து 2000 வாக்கில் ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் விற்றது. 2001-இல் இந்தியாவின் சிப்லா மருந்து நிறுவனம் அதை 350 டாலருக்குத் தர முன்வந்தது. 2000-இல் உலகின் எட்டாவது இறப்புக் காரணமாக இருந்த எய்ட்ஸ், 2019-இல் பத்தொன்பதாம் இடத்துக்கு இறங்கியது. மலேரியாவை இலங்கை முழுமையாக வென்று 2016 செப்டம்பரில் சான்று பெற்றது. ஆண்டுக்கு ஆறு லட்சம் உயிர்களை அது இன்னும் பறிப்பது பெரும்பாலும் ஆப்பிரிக்கக் குழந்தைகளிடமிருந்து.

பணக்கார நாடுகள் எல்லாம் ஒரே மாதிரி என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 2022-இல் போதைப்பொருள் மிகையால் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் உழைக்கும் வயதினர். அங்கே 2019-இல் 78.8 ஆக இருந்த ஆயுள் எதிர்பார்ப்பு, கொரோனாவும் சேர்ந்துகொள்ள 2021-இல் 76.4 ஆக இறங்கியது.

நாம் எங்கே நிற்கிறோம்? இந்தியாவில் தொற்றா நோய்களால் நேரும் இறப்புகள் 1990-இல் மொத்தத்தில் 38 சதவீதமாக இருந்து 2016-இல் 62 சதவீதமாக உயர்ந்தன என்று மாநில வாரியான ஆய்வு காட்டியது. இந்த மாற்றத்தில் மிகவும் முன்னே சென்ற மாநிலங்கள் கேரளம், கோவா, தமிழ்நாடு. ஆனால் பழைய நோய்கள் விடைபெற்றபின் புதியவை வரவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. 2023-இல் வெளிவந்த மதிப்பீட்டின்படி நாட்டில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது; உலகின் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியர்; சர்க்கரை நோய் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே வந்து இரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை தருவதை நகானோவின் தொண்டர்களோடு ஒப்பிட எனக்குத் தயக்கமில்லை. மாத்திரை மாதம் தவறாமல் வந்து சேருமானால் அது பல மருத்துவமனைக் கட்டடங்களைவிட அதிக உயிரைக் காக்கும்.

கடைசியாக, இந்த எண்கள் எல்லாம் எங்கிருந்து வருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏழை நாடுகளின் பட்டியல் பெரிதும் மதிப்பீடுதான். உலகின் இறப்புகளில் பத்தில் நான்கு பதிவாவதே இல்லை. இந்தியாவில் 2020-இல் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை நான்கில் ஒன்றுக்கும் குறைவு. அதனால் பயிற்சி பெற்றவர்கள் இறந்தவரின் வீட்டுக்குச் சென்று, காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது, இருமலில் இரத்தம் வந்ததா, கால் வீங்கியதா என்று கேட்டு எழுதி, அதை இரண்டு மருத்துவர்கள் படித்துக் காரணத்தைக் கணிக்கிறார்கள். இப்படிக் கேட்டறிந்த பெரிய ஆய்வு, பாம்புக்கடியால் 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று கண்டது. மருத்துவமனைப் பதிவேடுகளில் அவர்களில் மிகச் சிலரே இருந்தார்கள். மற்றவர்கள் வயலிலோ வழியிலோ வீட்டிலோ இறந்தவர்கள்.

மருத்துவமனை இறப்புகளுக்கு மருத்துவர்களாகிய நாங்கள் நிரப்பும் "படிவம் 4" என்ற இறப்புக் காரணச் சான்றில் காரணத்துக்கென்று மூன்று வரிகள் உண்டு. காலில் புண் அழுகி இறந்த ஒருவருக்கு, முதல் வரியில் இரத்தத்தில் கிருமி பரவியது என்றும், இரண்டாவதில் அதற்குக் காரணமான அழுகிய புண் என்றும், மூன்றாவதில் அந்தப் புண்ணுக்கு அடிப்படையான சர்க்கரை நோய் என்றும் எழுத வேண்டும்; கணக்கில் ஏறுவது அந்த மூன்றாவது வரி. நான் பயிற்சி மருத்துவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய ஆண்டில் ஒரு மருத்துவமனையின் பழைய படிவக் கட்டு ஒன்றைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் முதல் வரியில் "கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்", அதாவது இதயமும் மூச்சும் நின்றன என்று மட்டும் இருந்தது. கீழே இருந்த இரண்டு வரிகளிலும் ஒரு கோடு இழுத்து விடப்பட்டிருந்தது.